ரசீது கேட்ட திருடன்

அத்தியாயம் 7

"திருடன் ரசீது கேப்பானா தாயி?"

மைதீன் பிச்சை இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். நேற்று அருளப்பர்பட்டியிலிருந்து திரும்பும்போது, டிவிஎஸ் ஐம்பதை ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு தடவை கேட்டார். அப்போது எதிரே லாரி வந்ததால் மகேஸ்வரி பதில் சொல்லவில்லை. அலுவலகத்தைப் பூட்டும்போது ஒரு தடவை. இப்போது வெள்ளிக்கிழமை காலை, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில், வந்ததும் வராததுமாக.

"கேஸ் முடிஞ்சிருச்சு பாய். ஃபீஸும் வந்திருச்சு."

"ஃபீஸ் வந்தா கேஸ் முடிஞ்சிருமா? அப்ப நான் அமீனாவா இருந்த முப்பது வருசத்துல ஒரு கேஸும் முடியல. எவனும் எனக்குக் குடுத்ததில்ல."

மகேஸ்வரி சிரிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்களில் பதினெட்டு வருஷம் தணிக்கை செய்துவிட்டு, வேலையை உதறி, இந்தத் துப்பறியும் நிலையத்தைத் திறந்தவள் அவள். கோர்ட்டில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டி ஓய்வு பெற்ற மைதீன் பிச்சையைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள். சம்பளத்தைவிட அவர் பேச்சுதான் அதிகமாக வந்தது.

"சரி, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க. நான் வரிசையாச் சொல்றேன். அருளப்பர்பட்டி அந்தோணியார் கோயில் திருவிழா. ஊர்ல கல்யாணம் ஆன ஆம்பளைக்கு ஆயிரம் ரூபா வரி. வசூல் பண்ணினவர் ஞானராஜ்."

"இருவது வருசமா அவர்தான்."

"சூசைமுத்து குடும்பத்துல அப்பாவும் மூணு மகன்களும். நாலாயிரம். மூத்தவன் பிரிட்டோ கையால ஞானராஜ்கிட்டக் குடுத்தேன்னு சொல்றான். ஞானராஜும் வாங்குனேன்னு ஒத்துக்கிட்டார். ஆனா போன ஞாயித்துக்கிழமை கோயில்ல மைக்குல வரி குடுத்தவங்க பட்டியல் வாசிச்சப்ப அந்தக் குடும்பமே இல்ல. பட்டியல்ல இல்லாத வீட்டு வாசல்ல சப்பரம் நிக்காது. பிரிட்டோ சண்டைக்கு வந்தான். விழாக் கமிட்டித் தலைவர் பாக்கியராஜ் நம்மளக் கூப்பிட்டார். புதன்கிழமை போனோம்."

"போய் என்ன செஞ்சோம்?"

"விசாரிச்சோம்."

"ஞானராஜ ஒரு மணி நேரம் ஸ்டூல்ல உக்கார வச்சோம். அந்த மனுசன் என்ன சொன்னாரு? வசூல் பண்ண அன்னைக்கே தலைவர் கையில குடுத்தேன், கம்ப்யூட்டர்ல ஏத்தவும் சொன்னேன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

மகேஸ்வரி மேஜை விரிப்பின் நூலைப் பிடுங்கினாள்.

"நான் சொல்றேன்," என்றார் பிச்சை. "'கட்டிருங்கண்ணே, பேச்சு இத்தோட முடிஞ்சிரும்'னீங்க. மறுநா, நேத்து நாம திரும்பப் போனப்ப, பால் மாட்டை வித்துட்டுக் கொண்டாந்தாரு. நான் முப்பது வருசம் காசு கட்டுறவன் மூஞ்சியப் பாத்தவன் தாயி. அமுக்குனவன் கட்டும்போது எண்ணி எண்ணிக் கட்டுவான். வாசல் தாண்டுற வரைக்கும் திட்டுவான். இவரு எண்ணக்கூட இல்ல. 'சூசைமுத்து மக்க பேருக்கு ரசீது போட்டுக் குடுங்க. சனிக்கிழம சப்பரம் அவுக வாசல்ல நிக்கணும்'னாரு. தன் பேரு நாறிக் கெடக்கு, அடுத்த வீட்டு வாசலப் பத்திப் பேசுறாரு. இவன் என்ன வகைத் திருடன்?"

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது.

"வண்டிய எடுங்க பாய்," என்றாள் மகேஸ்வரி.

* * *

செம்பட்டி சாலையில் முக்கால் மணி நேரம். அருளப்பர்பட்டி முகப்பில் மூங்கில் வளைவு கட்டி, சீரியல் பல்பு சுற்றியிருந்தார்கள். கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பிச்சை வண்டியை நிறுத்தினார். கடைக்காரர் மகேஸ்வரியைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்தார்.

"வாங்கம்மா, வாங்க! ஏப்பா, தள்ளி உக்காரு. இவுகதான் அந்த டிடெக்டிவ் அம்மா. ஞானராஜ ஒரே நாள்ல கக்க வச்சது."

பெஞ்சில் இருந்த ஒருவர், "இருவது வருசமா இப்படித்தான் தின்னிருப்பான் போல," என்றார். "என் தங்கச்சி கல்யாணத்துல சமையல் கணக்கும் அவன்தான் பாத்தான். இப்ப யோசிச்சா அரிசியே ரெண்டு மூட்ட கொறஞ்ச மாதிரி இருக்கு."

"அன்னைக்குக் கொறையலையோ?" என்றார் பிச்சை.

"அன்னைக்கு யாரு பாத்தா?"

மகேஸ்வரி காசை நீட்டினாள். கடைக்காரர் வாங்கவில்லை.

"உங்ககிட்டப் போயிக் காசு வாங்குவனா? ஊருக்கே நல்லது செஞ்சிருக்கீக."

அவள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

கோயில் சுவரின் அறிவிப்புப் பலகையில் பட்டியல் இருந்தது. ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள், நாலு. ரசீது எண், வீட்டுத் தலைவர் பெயர், தொகை. புதன்கிழமை மகேஸ்வரி இதில் ஒரே ஒரு பெயரைத் தேடினாள். அது இல்லை என்றதும் திரும்பிவிட்டாள். இப்போது விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள்.

"நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. நாப்பத்தெட்டு." விரல் நின்றது. "பாய், நாப்பத்தேழு எங்க?"

"புள்ளைக எண்ணும்போது விட்டுரும். கம்ப்யூட்டருமா விடும்?"

"விடாது. நம்பரை அதுவே போடும். அப்ப நாப்பத்தேழுன்னு ஒண்ணு இருந்திருக்கு. பெறகு எடுத்திருக்காங்க."

பிச்சை நாலாவது தாளின் அடியில் மூக்கை வைத்தாற்போல் குனிந்தார். நோட்டீஸின் பொடி எழுத்தை வாசித்தே பிழைத்தவர்.

"தாயி, இங்க அடியில பக்கம் நாலுன்னு போட்டிருக்கு. மொத்தம் அஞ்சுன்னும் போட்டிருக்கு. அஞ்சாவது தாளை எவன் தின்னான்?"

மகேஸ்வரி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். உள்ளங்கையில் எழுதி, நாலு தாள்களின் தொகையையும் கூட்டினாள். பதினெட்டு வருஷப் பழக்கம்; இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஒரு லட்சத்து எட்டாயிரம்.

இரண்டு நிமிஷம். புதன்கிழமையே செய்திருக்கலாம்.

* * *

கோயிலை ஒட்டிய அலுவலக அறையில் பாத்திமா உட்கார்ந்திருந்தாள். சின்னாளப்பட்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த பெண். வரிக் கணக்கை ஏற்ற கமிட்டி மாதம் அறுநூறு கொடுத்தது. இவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

"டீ சொல்லட்டா மேடம்?"

"வேண்டாம்மா. உக்காரு. பட்டியல்ல அஞ்சாவது தாள் உன்கிட்ட இருக்கா?"

பாத்திமா இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். பெரிய வெள்ளைத் தாள். நடுவில் ஒரே ஒரு வரி, மொத்தம். வேறு பெயர் எதுவும் இல்லாததால் பலகையில் ஒட்டவில்லை. அந்த வரியைச் சுற்றி வட்டமாகப் பழுப்புக் கறை.

"யாரோ டீ கிளாஸ் வச்சிருக்காக," என்றார் பிச்சை.

பாத்திமா தயங்கினாள். "மேடம்தான். புதன்கிழம."

மகேஸ்வரி கறைக்குள் இருந்த எண்ணை வாசித்தாள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். உள்ளங்கையைப் பார்த்தாள். வித்தியாசம் சரியாக நாலாயிரம்.

"பாத்திமா, சூசைமுத்து குடும்பத்தை நீ ஏத்துனியா?"

"ஏத்துனேன் மேடம். ஞானராஜ் மாமா பக்கத்துல நின்னு சீட்டைப் பாத்து வாசிச்சாரு. நான் தட்டுனேன்."

பிச்சை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இதை ஏம்மா புதன்கிழம சொல்லல?"

"நீங்க என்னையக் கேக்கலையே. என்னைய டீ வாங்கத்தான அனுப்புனீங்க."

மகேஸ்வரி கறை படிந்த தாளை மேஜையில் வைத்தாள்.

"பெறகு நானாத் தேடிப் பாத்தேன் மேடம்," என்றாள் பாத்திமா, தலையைக் குனிந்தபடி. "மிசின்ல அவுக பேரே இல்ல. அம்புட்டுப் பேரும் ஞானராஜ் மாமாவத் திட்டுறாக, மிசினும் இல்லைங்குது. ஏத்துனதா நாமதான் நெனச்சுக்கிட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. வாயத் தொறந்தா வேலைய விட்டுத் தூக்கிருவாகன்னு பயமாவும் இருந்துச்சு."

"இப்ப நாப்பத்தேழை எடு."

பாத்திமா தட்டினாள். நீலத் திரை, அப்படி எதுவும் இல்லை என்றது.

"ரசீதுக்குள்ள ஒவ்வொருத்தர் பங்கும் தனியா இருக்கும்ல? வீட்டுத் தலைவர் பேரை விட்டுரு. பங்குகளை மட்டும் காட்டச் சொல்லு."

திரை நிறைய வரிகள் ஓடி நின்றன. பாத்திமாவின் வாய் திறந்தது.

"மேடம்! இந்தா இருக்கு. நாப்பத்தேழு. சூசைமுத்து பங்கு ஆயிரம், பிரிட்டோ ஆயிரம், தம்பிமார் ரெண்டு பேரும் ஆயிரம் ஆயிரம். மேல வீட்டுத் தலைவர் எடம் மட்டும் காலியா இருக்கு!"

"அதான். வீட்டுத் தலைவர் பேரு இருந்த தலைப்பை மட்டும் யாரோ அழிச்சிருக்காங்க. பங்கு நாலும் உள்ள கெடக்கு. பட்டியல் தலைப்பைப் பாத்து அடிக்குது, அதனால பேரு வரல. மொத்தம் பங்கைக் கூட்டுது, அதனால காசு வந்திருச்சு. நேத்து ஞானராஜ் கட்டினதை ஏத்தினப்ப மொத்தம் என்ன ஆச்சு?"

"ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்."

"ஒரே குடும்பம், ரெண்டு தடவை வரி குடுத்திருக்கு," என்றார் பிச்சை. "ஒண்ணு பிரிட்டோ குடுத்தது. இன்னொண்ணு ஒரு மாடு குடுத்தது."

மகேஸ்வரிக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. "தலைப்பை அழிச்சா பங்கும் சேந்து போகணும். இல்லாட்டி, 'உள்ள நாலு பேர் இருக்காங்க, அழிக்க மாட்டேன்'னு சொல்லணும். ரெண்டும் இல்லாம எவன் எழுதினான் இதை?"

"தலைவரோட மருமகன் மேடம். மதுரையில லாரி புக்கிங் ஆபீசுக்கு எழுதுனது. அதையே பேரு மாத்திக் குடுத்தாரு."

பிச்சை தொடையில் தட்டிக்கொண்டார். "லாரி ஆபீசா! அப்ப சரியாத்தான எழுதியிருக்கான்! லாரி வரலைன்னா லாரியத்தான் அடிப்பான். மூட்டை கிடங்குலயே கெடக்கும், அடுத்த லாரியில ஏத்தணும்ல. சூசைமுத்து லாரி. மகன்க மூணு மூட்டை."

"அந்த மூட்டைய ஏத்த வேற லாரி வரவே இல்ல," என்றாள் மகேஸ்வரி. "ஆனா சூசைமுத்து பேரை ஏன் அழிக்கணும்?"

"அவரு செத்துட்டாரே மேடம்," என்றாள் பாத்திமா. "வரி குடுத்து ஒரு மாசம் கழிச்சு. பட்டியல் வாசிக்கறதுக்குப் பதிமூணு நாளைக்கு முன்ன. முந்தியெல்லாம் ஞானராஜ் மாமா நோட்டுல எழுதுவாரு. யாராச்சும் செத்துட்டா பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிலுவை போடுவாரு. பேரு அப்படியே இருக்கும், பங்கும் இருக்கும். மைக்குல வாசிக்கும்போது சிலுவையப் பாத்து, 'இறைவனடி சேர்ந்த'ன்னு சேத்து வாசிப்பாரு. அடுத்த வருசம்தான் மூத்த மகன் பேரு மேல வரும்."

"கம்ப்யூட்டர்ல?"

"சிலுவை போட எடமில்ல மேடம். அழிக்க மட்டும்தான் பட்டன் இருக்கு."

மகேஸ்வரி அஞ்சாவது தாளின் மேல் ஓரத்தில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தாள். "போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறு அம்பது. நீயா பிரிண்ட் எடுத்தே?"

"இல்ல மேடம். சனிக்கிழம ஆறுலருந்து ஏழரை வரைக்கும் நாங்க பாட்டுப் பயிற்சியில இருப்போம். ஊரே கேட்டிருக்கும்."

"இந்த ரூம் சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட."

இன்னொரு சாவி யாரிடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அது கதவு நிலையில் ஒரு மனிதரின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

* * *

பாக்கியராஜ் உள்ளே வரவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, திருவிழாத் தலைவருக்குரிய பெரிய பேட்ஜ். முகம் மட்டும் திருவிழாவுக்குப் பொருந்தவில்லை.

"நாந்தான் அழிச்சேன்," என்றார்.

"என்னத்துக்கு?" என்றாள் மகேஸ்வரி.

"ஞாயித்துக்கிழம மைக்குல சூசைமுத்து பேரு வரும். அன்னாள் முன் வரிசையில உக்காந்திருக்கும். புருசன் செத்த ஈரம் காயல. உசுரோட இருக்கறவன் மாதிரி வாசிச்சா தாங்குமான்னு நெனச்சேன். நல்லது செய்யறதாத்தான் நெனச்சேன்."

"அழிக்கும்போது அது எதுவும் கேக்கலையா?"

"நிச்சயமான்னு என்னமோ கேட்டுச்சு. எது கேட்டாலும் எஸ்ஸுக்கு ஒய்ங்கற எழுத்த அமுக்குங்க மாமான்னு மருமகன் சொல்லியிருக்கான். அமுக்கினேன்."

"நல்ல மருமகன்," என்றார் பிச்சை. "என் பேரை அழிக்கவான்னு கேட்டிருந்தாலும் அமுக்கியிருப்பீக."

"பேரு போகும்னு தெரியும். கூட இருந்த பயலுக மூணு பேரும் போவானுகன்னு தெரியாது மேடம். மறுநா பிரிட்டோ கத்துனான். நான் ஞானராஜ் துண்டப் புடிச்சு இழுத்தேன். கோயில் வாசல்ல. அவன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிது. 'எங்கடா காசு'ன்னேன். 'டா'ன்னேன். எனக்கு ரெண்டு வயசு மூத்தவன்."

"அவர் உங்க கையில குடுத்தாரே?"

"கட்டுக் கட்டாக் குடுத்தான். யாரு காசு எதுன்னு நான் பாக்கல. பந்தலுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் அதுலருந்துதான் எடுத்தேன்."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"திங்கக்கிழம. இந்த அஞ்சாவது தாளப் பாத்தேன். கூட்டிப் பாத்தேன். நாலாயிரம் இடிச்சிச்சு. சனிக்கிழம நான் அமுக்குனது அப்பத்தான் உறைச்சிச்சு."

மகேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். "திங்கக்கிழமையே தெரியுமா? அப்புறம் எதுக்கு செவ்வாய்க்கிழமை எனக்கு போன் பண்ணிக் கூப்பிட்டீங்க?"

பாக்கியராஜ் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நீங்க கண்டுபிடிப்பீங்கன்னுதான்."

அவர் கதவு நிலையை விட்டு ஓர் அடி உள்ளே வந்தார்.

"'எங்கடா காசு'ன்னு கேட்ட வாயால 'தப்பு என்னுது'ன்னு சொல்ல வரல மேடம். வெளியூர்லருந்து ஒரு கெட்டிக்காரவுக வந்து, 'தலைவரே, தப்பு மிசின்ல இருக்கு, ஞானராஜ் மேல இல்ல'ன்னு சொன்னா, நானும் 'அட, அப்படியா'ன்னு ஆச்சரியப்பட்டுக்கலாம்னு இருந்தேன். பாத்திமாவ வாங்கிட்டு வரச்சொன்ன டீயை நாந்தான் உங்க முன்னால வச்சேன். இந்தத் தாளை அடியில போட்டு, அதுமேல வச்சேன். கிளாச எடுக்கும்போது பாப்பீங்கன்னு."

மகேஸ்வரி தாளிலிருந்த வட்டக் கறையைப் பார்த்தாள்.

"நீங்க கிளாச எடுத்தீங்க. குடிச்சீங்க. திரும்பவும் அதுமேலயே வச்சீங்க. வச்சிட்டு ஞானராஜப் பாத்து, 'கட்டிருங்கண்ணே'ன்னீங்க. அவனும் கட்டிட்டான். அதுக்குமேல நான் எங்கிட்டுப் போயிச் சொல்றது?"

மைதீன் பிச்சை எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினார்.

* * *

ஞானராஜ் வீடு ஊருக்குக் கிழக்கே, கிணற்றுமேட்டை ஒட்டி. முற்றத்தில் முளைக்குச்சி இருந்தது, மாடு இல்லை. தொட்டியில் நேற்றைய தண்ணீர். அவர் பந்தலுக்கு வேண்டிய தோரணத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நாலு பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னும் ஏதாச்சும் கட்டணுமாம்மா?"

பாத்திமாதான் அழுதுகொண்டே சொன்னாள்: நாற்பத்தேழு, நாலு பங்கு, காலியாக இருந்த தலைப்பு. பாக்கியராஜ் தன் பங்கைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஞானராஜ் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்டார்.

"சிலுவை போட அதுல எடமில்லையா?"

"இல்ல மாமா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா அச்சடிச்ச தாள்ல பேனாவால போட்டுக் குடுத்திருப்பேனே."

பாக்கியராஜ் மடியிலிருந்து கவரை எடுத்தார். "நாலாயிரம் இருக்கு ஞானராஜு. மாட்டை செம்பட்டியில யாரு புடிச்சிருக்கான்னு கேட்டுட்டேன், நானே போயி ஓட்டியாரேன். நேத்து நீ கட்டுனத கம்ப்யூட்டர்லருந்து எடுத்துருவோம். சத்தமில்லாம சரி பண்ணிருவோம்."

"எடுத்துருவீகளா?"

"ஆமா. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிரும்."

ஞானராஜ் கவரை வாங்கவில்லை. மகேஸ்வரியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. புதன்கிழம சொன்னீங்க, கட்டிருங்க, பேச்சு முடிஞ்சிரும்னு. நான் கட்டுன பெறகுதான் பேச்சே ஆரம்பிச்சிச்சு. கட்டாத வரைக்கும் பாதிப் பேரு, 'ஞானராஜு செஞ்சிருக்க மாட்டான்'னான். கட்டுன அன்னைக்கு அந்தப் பாதியும் போச்சு. என் சம்சாரம் நேத்துலருந்து தெருக்குழாய்க்குப் போகல."

"தப்புத்தாண்ணே," என்றாள் மகேஸ்வரி. "பதினெட்டு வருசம் கணக்குப் பாத்தவ நான். ஒரு பட்டியலைக் கூட்டிப் பாக்கல. உங்களைப் பாத்தேன், வேட்டியில கறை, பேச்சுல தடுமாற்றம். தீர்மானிச்சுட்டேன். நீங்க திருடல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அதை ஏம்மா எங்கிட்டச் சொல்றீக?" என்றார் ஞானராஜ். கோபமே இல்லாத குரல். "நான் திருடலைங்கறது எனக்குத்தான் மொதல்லருந்தே தெரியுமே."

கயிற்றை எடுத்து, விட்ட இடத்திலிருந்து திரிக்கத் தொடங்கினார்.

தெருமுனை வரை நால்வரும் நடந்தார்கள். பாக்கியராஜ்தான் கவரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"மேடம், திருவிழா முடியட்டும். பெறகு கமிட்டியில நாலு பேரை மட்டும் வச்சு..."

"ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஊரே இருந்துச்சு."

"அப்ப ஊர்தான். சாயங்காலம் செபமாலைக்கு எல்லாரும் வருவாங்கல்ல? பாத்திமா, அழிச்சது எதையும் ஒளிக்காதே. எது அழிஞ்சது, யார் அழிச்சது, எந்த நேரம்னு எழுதி, அஞ்சாவது தாளோட பலகையில ஒட்டு. மாமா கட்டின நாலாயிரத்தையும் எடுக்காதே. அதைக் கோடு போட்டு அடிச்சு, 'தவறாக வாங்கியது, திருப்பிக் கொடுத்தது'ன்னு பக்கத்துல எழுது. அடிச்ச கோட்டுக்குக் கீழ எழுத்துத் தெரியணும்."

"எல்லாரும் வாசிப்பாங்களே மேடம்."

"வாசிக்கத்தான்."

* * *

ஆறரை மணிக்குச் செபமாலை முடிந்தது. கோயிலுக்கு முன் பந்தலில் உட்கார இடமில்லை. டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். முன் வரிசையில் அன்னாளும் அவளுடைய மூன்று மகன்களும். பந்தலின் கடைசித் தூணுக்கு அருகே ஞானராஜ் நின்றிருந்தார். அவரைச் சுற்றி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டு மற்றவர்கள் இருந்தார்கள்.

பாக்கியராஜ் மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களே," என்றார். "போன ஞாயித்துக்கிழமை வாசித்த பட்டியலில்..." என்றார். பிறகு இருமினார். ஒலிபெருக்கி அந்த இருமலை ஊர் முழுக்கக் கொண்டுபோயிற்று. அவர் மகேஸ்வரியைப் பார்த்தார்.

"போங்க தாயி," என்றார் பிச்சை மெதுவாக. "இதுக்கு அசிஸ்டென்டை அனுப்ப முடியாது."

மகேஸ்வரி மேலே ஏறி மைக்கை வாங்கினாள். சங்கங்களின் பேரவைகளில் எத்தனையோ பேருடைய குற்றத்தை நிமிர்ந்து நின்று வாசித்தவள். இப்போது வாசிக்க வேண்டியது தன்னுடையதை.

"எம் பேரு மகேஸ்வரி. திண்டுக்கல்லுல இருந்து வந்திருக்கேன். சூசைமுத்து குடும்பம் வரி நாலாயிரத்தையும் அவர் உசுரோட இருந்தப்பவே குடுத்திருச்சு. ஞானராஜ் அண்ணன் அதை அன்னைக்கே கமிட்டியில சேத்துட்டார். கம்ப்யூட்டர்ல அந்தப் பேரை அழிச்சது தலைவர். அது தெரியாம, விசாரிக்காம, ஒரு நிரபராதிய மாட்டை விக்க வச்சது..."

மைக்கிலிருந்து முகம் தானாக விலகிக்கொண்டது.

"...நான்," என்றாள். பந்தலின் முதல் நாலு வரிசைக்கு மட்டும் கேட்டது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கடைசித் தூணுக்கு அருகிலிருந்து ஞானராஜின் குரல் வந்தது. இருபது வருஷம் மைக்கில் பட்டியல் வாசித்தவரின் நிதானமான குரல்.

"கொஞ்சம் சத்தமா வாசிங்கம்மா. கடைசிப் பேரு பின்னால கேக்கல."

மகேஸ்வரி மைக்கை வாய்க்கு அருகே இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.